வாரிசு என்ற சொல்லுக்குப் பெண்பால் தேட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

“ரெண்டும் பொம்பளப் பிள்ளைங்க, வாரிசு இல்ல.” துக்க வீட்டிலும் கல்யாணப் பந்தியிலும் கடை கைமாறும்போதும் இந்தப் பேச்சைக் கேட்காத சிங்கப்பூர்த் தமிழர் இருக்க முடியாது. சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனாலும் இரண்டு பிள்ளைகள் என்று எண்ணிய வாயே அடுத்த நொடியில் யாருமில்லை என்கிறது. அச்சிலும் இது வந்துவிடுகிறது. பழைய கடை ஒன்று மூடப்படும் செய்திக்கு “வாரிசு இல்லாததால்” என்று தலைப்புக் கொடுத்திருப்பார்கள். உள்ளே முதலாளியின் மகள் பேட்டி கொடுத்திருப்பார்.

மொழிபெயர்ப்பு மேசைகளிலும் வகுப்பறைகளிலும் எழும் ஒரு கேள்வியும் இதே இடத்தில்தான் முளைக்கிறது. ஆங்கிலத்தில் ஆணுக்கு ‘ஏர்’, பெண்ணுக்கு ‘ஏரஸ்’ என்று இரண்டு சொல் இருக்கிறதே, தமிழில் வாரிசு என்பதற்குப் பெண்பால் என்ன? வாரிசி, வாரிசுதாரிணி, உரிமைப்பெண், மரபுரிமையாட்டி என்று ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள். புதுச் சொல் எதுவும் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. வாரிசு என்ற சொல்லே மகளையும் மனைவியையும் தாயையும் குறிக்கும். அதை ஆணுக்கு மட்டும் ஒதுக்கியது நம் பேச்சு வழக்கு. சொல்லில் அந்தக் குறை இல்லை.

வாரிசு அரபு மூலச் சொல். இறந்தவரின் உடைமை யாருக்குச் சேருகிறதோ அவரே வாரிஸ். தாசில்தார், ஜமாபந்தி, ஜப்தி, வக்கீல், வசூல் என்று கச்சேரித் தமிழுக்குள், அதாவது அந்நாளைய அரசு அலுவலகத் தமிழுக்குள், வந்த சொற்கூட்டத்தோடு இதுவும் வந்தது. இதன் உடன்பிறப்பு ஒன்றும் நம்மிடம் உண்டு. அது மிராசு. இரண்டுக்கும் அரபில் ஒரே வேர்தான். மிராசு என்றால் வழிவழியாக வரும் உடைமை. தமிழில் காணியாட்சி என்று வழங்கிய உரிமையைத்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலக் கணக்குகள் மிராசு என்று எழுதின. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1818இல் எழுதிய நீண்ட குறிப்பு முழுக்க இந்த மிராசு பற்றியதே. ஆகவே, மிராசு வாரிசுக்குச் சேரும். மிராசு பொருள், வாரிசு ஆள்.

இந்த வேறுபாடு மறந்துபோனதால்தான் வாரிசுதாரர் என்ற சொல் பிறந்தது. ‘தார்’ என்றால் வைத்திருப்பவர். மிராசை வைத்திருப்பவர் மிராசுதார் என்பது சரி. வாரிசுதாரர் என்றால் வாரிசை வைத்திருப்பவர் என்றல்லவா ஆகும்? ஆனாலும் நூறாண்டுப் பத்திர நடையில் ஊறிவிட்ட சொல் என்பதால் அதை எதிர்த்து இனிப் பயனில்லை. அதன் மேல் இன்னொரு விகுதியை ஏற்றி வாரிசுதாரிணி ஆக்குவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

அரபில் இந்தச் சொல்லுக்குப் பெண்பால் வடிவம் உண்டு. தமிழும் மலாயும் அதை வாங்கவில்லை. ஒரே வடிவத்தை இருபாலுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டன. மலாயில் ‘வாரிஸ்’ மகனும்தான், மகளும்தான். அதிலிருந்து வந்த ‘வாரிசான்’ என்பதற்கு மரபுடைமை என்று பொருள். கம்போங் கிளாமில் உள்ள மலாய் மரபுடைமை நிலையத்தின் மலாய்ப் பெயர் ‘தாமான் வாரிசான் மெலாயு’. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் என்று தமிழில் படிக்கிறோமே, அந்த மரபுடைமைக்கு நிகராக மலாயில் நிற்பது நம் வாரிசின் உறவுக்காரச் சொல்தான்.

இலக்கணத்திலும் சிக்கல் இல்லை. சாட்சி, கைதி, அகதி, அனாதை, நீதிபதி ஆகிய சொற்களின் வரிசையில் வைக்க வேண்டியது வாரிசு. சாட்சி வந்தார், சாட்சி சொன்னாள் என்று வினையோ சூழலோ பாலைக் காட்டும். நீதிமன்றச் செய்தியில் ஒவ்வொரு முறையும் ‘பெண் சாட்சி’ என்று யாரும் எழுதுவதில்லை. சாட்சிக்குப் பெண்பால் என்ன என்று கேட்பதும் இல்லை. சாட்சி என்றதும் நம் மனத்தில் ஆணுருவம் மட்டும் எழாததே காரணம். வாரிசு என்றதும் எழுகிறது. அந்தப் பழக்கத்தால்தான் பெண்பால் வடிவம் ஒன்று குறைவதுபோலத் தோன்றுகிறது.

முன்வைக்கப்படும் மாற்றுகளையும் பார்த்துவிடலாம். ‘உரிமைப்பெண்’ என்பதை உடனே விலக்க வேண்டும். தமிழில் அது முறைப்பெண்ணைக் குறிக்கும்: மாமன் மகனோ அத்தை மகனோ தனக்கு வாழ்க்கைப்பட வேண்டியவள் என்று சொல்லிக்கொள்ளும் பெண். அங்கே உரிமை பெண்ணிடம் இல்லை; அவள்மேல் இன்னொருவருக்கு இருக்கிறது. சொத்து பெறுகிறவளுக்கு இந்தப் பெயரைக் கொடுத்தால் பொருள் தலைகீழாகும்.

‘தாயாதி’ என்ற சொல்லில் தாய் இருப்பதாக நம்பிச் சிலர் அதைப் பெண்வழி உறவு என்று விளக்குகிறார்கள். அது தாயம் என்ற சொல்லோடு சேர்ந்தது. தாயம் என்றால் முன்னோரிடமிருந்து வரும் பங்கு. “மூத்தோர் மூத்தோர்க் கூற்றம் உய்த்தெனப் பால்தர வந்த பழவிறல் தாயம்” என்று புறநானூற்றில் சோழன் நலங்கிள்ளி சொல்வது அந்தத் தாயத்தையே. நடைமுறையில் தாயாதி என்பவர் ஆண்வழிப் பங்காளி.

பங்காளி என்ற சொல் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. பங்கு, ஆளி. தொழிலாளி, முதலாளி, நோயாளி போலவே அமைந்த சொல். வடிவத்தில் ஆண் என்று சொல்ல எதுவுமில்லை. சிங்கப்பூரில் வர்த்தகப் பங்காளி, பங்காளித்துவம் என்று இருபாலுக்கும் தயங்காமல் எழுதுகிறோம். குடும்பப் பேச்சுக்குள் நுழைந்ததும் அதே சொல் அண்ணன் தம்பி வகையறாவாகச் சுருங்கிவிடுகிறது. ஒரே தகப்பன் சொத்தில் பங்குள்ள மகளைப் பங்காளி என்று யாரும் அழைப்பதில்லை. ஆனால் இந்தியச் சட்டம் அவளை இன்று அப்படித்தான் வைத்திருக்கிறது. பூர்விகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்குண்டு என்று தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் ஏற்றுக்கொண்டது; அந்த நாளுக்கு முன்பே திருமணமான மகள்களுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. 2005 செப்டம்பர் 9 அன்று நடப்புக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் திருமணத் தடையை நீக்கியது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே, பங்காளி என்ற சொல்லுக்குள் மகள் சட்டப்படி வந்துவிட்டாள். நம் பேச்சு இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.

பழந்தமிழில் தேடினால் உரியவளுக்குப் பெயர் இல்லாமலில்லை. கிழமை என்றால் உரிமை. உரியவன் கிழவன், உரியவள் கிழத்தி. தொல்காப்பியம் அகத்திணைத் தலைவன் தலைவியைக் கிழவன் கிழத்தி என்றே சொல்கிறது. திருக்குறளில் உழவு அதிகாரத்தில் வருகிறது:

செல்லான் கிழவன் இருப்பின் நிலம்புலந்து
இல்லாளின் ஊடி விடும்.

இங்கே கிழவன் முதியவன் அல்லன், நிலத்துக்கு உரியவன். அவன் போய்ப் பார்க்காமல் இருந்தால் நிலம் மனைவியைப்போல் ஊடிக்கொள்ளும். வகுப்பில் இந்தக் குறளை நடத்தும்போது முதலில் விளக்க வேண்டியிருப்பதே இந்தச் சொல்லைத்தான். அவ்வளவு தூரம் பொருள் நகர்ந்துவிட்டபின், மகளைச் ‘சொத்துக் கிழத்தி’ என்று பத்திரத்தில் எழுதினால் அவரே கையெழுத்திட மறுப்பார். சொல் அழகானது, ஆனால் திரும்பி வராது. வாரிசையும் வாரிசுரிமையையும் குறிக்கும் பிறங்கடை, இறங்குரிமை முதலிய ஆக்கங்கள் தமிழ்நாட்டுச் சட்டத் தமிழில் உண்டு. அவையும் பால் காட்டாத சொற்களே என்பதைக் கவனிக்க வேண்டும்.

கல்வெட்டுகளில் ஒரு சொல் இருக்கிறது: முதுகண். சோழர் காலத்தில் பெண்கள் நிலம் வைத்திருந்தார்கள், விற்றார்கள், கோயிலுக்குக் கொடுத்தார்கள். அதற்கெல்லாம் கல்வெட்டுச் சான்று உண்டு. சில ஆவணங்களில் பெண் நிலம் விற்கும்போது அவள் பெயரோடு அவளுக்கு முதுகணாக நின்ற ஆணின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. முதுகண் என்பவர் அவள் சார்பில் நிற்கும் காப்பாளர். நிலம் அவளுடையது, கையொப்பத்துக்கு வேறொருவர். இன்றும் “அண்ணன் பார்த்துக்கொள்வார், நீ கையெழுத்து மட்டும் போடு” என்று சொல்லப்படும் வீடுகளில் முதுகண் இருக்கிறார், பெயர்தான் மறைந்துவிட்டது.

இனி, வாரிசு என்பதன் பொருள் இன்னொரு பக்கமும் சுருங்கியிருப்பதைச் சொல்ல வேண்டும். பேச்சில் வாரிசு என்றால் அடுத்த தலைமுறை, பிள்ளை. சட்டத்தில் அப்படியில்லை. சொத்து கீழ்நோக்கி மட்டும் இறங்குவதில்லை. பக்கத்துக்கும் போகும், மேலேயும் போகும். கணவர் இறந்தால் மனைவி வாரிசு. மகன் இறந்தால் தாயும் வாரிசாகலாம். பெண் வாரிசு என்றதும் மகளை மட்டும் நினைப்பவர்கள் இந்த இருவரையும் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டு வட்டாட்சியர் அலுவலகம் தரும் வாரிசுச் சான்றிதழில் இறந்தவரின் தாயார் பெயரையும் பார்த்துவிட்டு “பாட்டி பெயர் ஏன் வந்தது?” என்று குடும்பங்கள் திகைப்பது இதனால்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி, ஒரு மகன், ஒரு மகள், வயதான தாய் இருக்கிறார்கள், தந்தை இல்லை. கடன், ஈமச் செலவு போக மிஞ்சியது 720,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

சிங்கப்பூரில், முஸ்லிம் அல்லாதவர் என்றால், உயிலின்றி இறந்தோர் சொத்துகளுக்கான 1967ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. மனைவிக்கு 360,000, மகனுக்கு 180,000, மகளுக்கு 180,000. பிள்ளைகள் இருப்பதால் தாய்க்கு ஒன்றுமில்லை. நீதிமன்ற ஆணைப்படி தத்தெடுக்கப்பட்ட மகளும் இங்கே பிள்ளைதான்; வாழ்க்கைத் துணையின் முந்திய திருமணத்துப் பிள்ளை, தத்தெடுக்கப்படாவிட்டால், பிள்ளை அல்ல. எத்தனை ஆண்டு ஒரே வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் வளர்ந்திருந்தாலும் இதில் மாற்றமில்லை.

அதே மதிப்பில் அவர் தாமே சம்பாதித்து வாங்கிய நிலம் தஞ்சாவூரில் இருந்து, அவர் இந்துவாக இருந்தால், நிலம் இருக்கும் இடத்தின் சட்டம் பேசும். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956. மனைவி, மகன், மகள், தாய் நால்வரும் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்கு 180,000. இங்கே தாய்க்கும் சம பங்கு.

அவர் முஸ்லிமாக இருந்து சிங்கப்பூரில் இறந்தால், முஸ்லிம் சட்டப்படி பங்கு பிரியும். யார் யாருக்கு எவ்வளவு என்ற சான்றிதழை ஷரியா நீதிமன்றம் வழங்கும். மனைவிக்கு எட்டில் ஒன்று, 90,000. தாய்க்கு ஆறில் ஒன்று, 120,000. மீதி 510,000. அதில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்பதால் 340,000, 170,000. மகன் இல்லாமல் ஒரே மகள் இருந்தால் அவருக்குப் பாதி. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மகள்கள் என்றால் எல்லோருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு.

ஒரே குடும்பம், ஒரே தொகை. தாய்க்கு ஒரு சட்டத்தில் ஒன்றுமில்லை, ஒன்றில் 180,000, ஒன்றில் 120,000. மூன்று கணக்கிலும் மகள் வாரிசு. பங்கின் அளவு மாறலாம். வாரிசு என்ற நிலை மாறவில்லை. முஸ்லிம் பங்கீட்டில் பாலைச் சொல்லாமல் கணக்கே போட முடியாது என்பார்கள், உண்மைதான். அங்கேயும் எழுத வேண்டியது மகள், மனைவி, தாய், உடன்பிறந்த சகோதரி என்ற உறவுச் சொல்லையே. ‘பெண் வாரிசுகளுக்குப் பாதி’ என்று மொத்தமாக எழுதினால் மேற்படி கணக்கில் 120,000 பெறும் தாயையும் 170,000 பெறும் மகளையும் ஒரே மூட்டையில் கட்டியதாகிவிடும்.

இங்கே ஒரு சின்ன உருபைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ‘பெண் வாரிசு’ வேறு, ‘பெண்ணின் வாரிசு’ வேறு. முதலாவது, சொத்து பெறுகிற பெண். இரண்டாவது, இறந்துபோன பெண்ணின் சொத்தைப் பெறுகிறவர். மேலே சொன்ன இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இரண்டாவதைப் பற்றியது. இந்துப் பெண் உயிலின்றி இறந்தால் முதலில் பிள்ளைகளும் கணவரும், அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகள், அதற்குப் பிறகே அவளைப் பெற்ற தாய் தந்தை என்று அது வரிசைப்படுத்துகிறது. பிள்ளையில்லாத பெண் தன் பெற்றோரிடமிருந்து பெற்ற சொத்து மட்டும் தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். இதைச் செய்தியாக்கும்போது ‘பெண் வாரிசு விதி’ என்று தலைப்பிட்டால் ‘இன்’ ஒன்று விழுந்ததில் பொருள் முழுவதும் கவிழ்ந்துவிடும்.

இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் சொற்களே வேறு. யாழ்ப்பாணத்துத் தேசவழமை என்ற வழக்குச் சட்டம் 1707இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆட்சியில் தொகுக்கப்பட்டது. அதில் சொத்து மூன்று வகை: முன்னோர் வழி வருவது முதுசம், மகளுக்குக் கொடுப்பது சீதனம், தம்பதியர் தேடிக்கொண்டது தேடிய தேட்டம். பழைய தேசவழமைப்படி சீதனம் பெற்றுப் புகுந்த வீடு போன மகள் பெற்றோரின் முதுசத்தில் மேலும் பங்கு கேட்க முடியாது. சீதனமே அவள் பங்கு. நம் ஊரில் சீதனம் என்ற சொல்லைக் கேட்டதும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் வரதட்சிணை என்று எண்ணுகிறோம். தேசவழமையில் அது பெண்ணின் உடைமை. யாழ்ப்பாண ஆவணத்தை மொழிபெயர்ப்பவர் இந்த இடத்தில் சறுக்கினால் மகளின் சொத்து மருமகன் கைக்குப் போய்விடும். நாஞ்சில் நாட்டு மருமக்கள்தாயமும் இப்படித்தான் தவறாகப் படிக்கப்படுகிறது. அந்த மருமக்கள் மருமகளோ மருமகனோ அல்லர், சகோதரியின் பிள்ளைகள். தாய்வழியில் சொத்து இறங்கும் ஏற்பாடு அது.

தமிழ்நாட்டுப் பழைய பத்திரங்களில் மகள் எங்கே காணாமல் போகிறாள் என்பதற்கு ஒரே ஒரு தொடரைக் காட்டினால் போதும்: “புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.” சொல்லுக்குச் சொல் எடுத்தால் மகன், மகன் வயிற்றுப் பேரன், அப்படியே பரம்பரையாக. இதை ஆங்கிலத்தில் மகன்களும் பேரன்களும் என்று பெயர்த்துக் கொடுத்தால் படிக்கும் வழக்கறிஞர், நிலம் ஆண்களுக்கு மட்டும் கட்டுப்பட்டது என்று எண்ணிவிடுவார். அப்படியில்லை. வாரிசுகளுக்குத் தடையின்றி இறங்கக்கூடிய முழு உரிமை என்பதைச் சொல்லும் வாய்பாடு அது என்று பிரிவி கவுன்சில் (இந்திய வழக்குகளுக்கு அன்று லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்) காலத்திலிருந்தே நீதிமன்றங்கள் பொருள் கொண்டு வருகின்றன. எனவே ‘வழிவழியாக வாரிசுகளுக்குச் செல்லும் முழு உரிமை’ என்று பெயர்ப்பதே சரி. சொல்லுக்குச் சொல் தேவைப்பட்டால் அடிக்குறிப்பில் வைக்கலாம்.

பிரிவி கவுன்சில் என்றதும் சிவகங்கை வழக்கைச் சொல்லாமல் விட முடியாது. ஜமீன்தார் கௌரி வல்லபர் 1829இல் இறந்ததும் ஜமீன் அவருடைய அண்ணன் வழியினர் கைக்குப் போனது. அவருக்கு மகள்கள் இருந்தார்கள். மகள் காத்தம நாச்சியார் லண்டன்வரை வழக்காடினார். ஜமீன் கௌரி வல்லபரின் தனிச் சொத்து, ஆகவே அது பங்காளிக்குப் போகாது என்று 1863இல் தீர்ப்பாயிற்று. இந்துச் சட்டப் பாடநூல்களில் அந்தத் தீர்ப்பு இன்றும் அவர் பெயராலேயே படிக்கப்படுகிறது. வாரிசு என்பது ஆணைத்தான் குறிக்கும் என்று வாதிடுவோருக்கு நூற்று அறுபது ஆண்டுக்கு முந்திய தமிழ்ப் பெண்ணின் இந்தப் பெயரை நினைவூட்டலாம்.

ஊரில் சொத்துள்ள சிங்கப்பூர்ப் பெண்களின் கைக்கு அடிக்கடி வரும் தாள் விடுதலைப் பத்திரம். ‘எனக்குள்ள பாத்தியத்தை விடுதலை செய்து’ என்று அதில் இருக்கும். விடுதலை என்ற இனிய சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். உங்கள் பங்கை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதே பொருள். ‘சீர்வரிசையாக நகை, பணம் பெற்றுக்கொண்டபடியால்’ என்று ஒரு வரி சேர்ந்திருந்தால் அதை இரண்டு முறை படியுங்கள். சீர் பெற்றதால் மட்டும் இந்தியச் சட்டத்தில் மகளின் பங்கு போய்விடுவதில்லை. கையெழுத்தும் பதிவும்தான் அதைப் போக்கும். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழும் சொத்தை யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. இறந்தவருக்கு இன்னின்னார் உறவு என்று மட்டும் அது சொல்லும். இங்குள்ள நீதிமன்றம் சொத்தை நிர்வகிக்கத் தரும் ஆணைக்கு அதை இணையாக மொழிபெயர்க்கக் கூடாது.

பெயர்ப் பொருத்தத்திலும் பெண்களுக்கே தொல்லை அதிகம். இந்தியப் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்தோடு ஒரு பெயர், சிங்கப்பூர் அடையாள அட்டையில் தந்தை பெயர் முழுதாக, கடப்பிதழில் சில வேளை கணவர் பெயர். மூன்றும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுக்காமல் வேலை நகராது. மொழிபெயர்ப்பாளர் தாமாகவே எழுத்துக்கூட்டலைச் ‘சரிசெய்து’ ஒன்றாக்கிவிடக் கூடாது. ஒவ்வோர் ஆவணத்திலும் உள்ளது உள்ளபடியே இருக்க வேண்டும்.

உயிலுக்கு வந்தால், தமிழில் எழுதிய உயிலும் இங்கே செல்லும். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். எழுதுபவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும். பலர் தவறுவது அடுத்த விதியில். உயிலால் பயன்பெறுகிறவரோ அவருடைய கணவரோ மனைவியோ சாட்சிக் கையெழுத்திட்டால் அந்தப் பயன் செல்லாது. அதாவது, மகளுக்கு எழுதிய உயிலில் வீட்டிலிருக்கும் மருமகனைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினால், உயில் நிற்கும், மகளின் பங்கு போய்விடும். தம்பதியர் இருவரும் கூட்டாக வைத்திருக்கும் கழக வீடு, அது தனிப் பங்குகளாகப் பிரிக்கப்படாதிருந்தால், உயிருடன் இருப்பவருக்கே நேராகச் சேரும். உயில் அதைத் தொடாது. மத்திய சேம நிதிப் பணமும் உயிலுக்குள் வராது, பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று உறுப்பினர் எழுதிக்கொடுத்த நியமனத்தின்படிதான் போகும். திருமணம் செய்துகொண்டால் முன்பு எழுதிய நியமனம் ரத்தாகும். நியமனம் பெற்றவரை வாரிசு என்று எழுதுவதும் பிழை.

உயிலில் ‘என் பிள்ளைகளுக்குச் சம பங்கு’ என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். “ஒரு பிள்ளை, ரெண்டு பொண்ணு” என்று சொல்லும் வீடுகளில் பிள்ளை என்றால் மகன். யாழ்ப்பாணத்தில் “பிள்ளை, இங்க வா” என்றால் ஓடி வருவது பெரும்பாலும் மகள். ‘என் வாரிசுகளுக்கு’ என்று எழுதினாலும் குழப்பம் தீராது, யார் வாரிசு என்பதைச் சட்டம் மறுபடி தேட வேண்டும். ஒவ்வொருவரின் முழுப்பெயர், அடையாள அட்டை எண், உறவு, பங்கு ஆகிய நான்கையும் எழுதுங்கள்.

செய்தி எழுதுபவர்களுக்குச் சில வேண்டுகோள். ‘வாரிசு இல்லை’ என்பதைச் சட்டப்படி யாரும் இல்லாதபோது மட்டும் எழுதுங்கள். கடையை எடுத்து நடத்த ஆளில்லை என்றால் ‘நடத்த ஆளில்லை’ என்றே எழுதலாம். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்றால் அதையே எழுதலாம். உயிரோடு இருப்பவருக்குச் சட்டத்தில் வாரிசு கிடையாது, வாரிசாகக் கூடியவர்கள்தான் உண்டு. ஆகையால் வெளிநாட்டுச் செய்தியில் பெருஞ்செல்வரின் மகளை ‘ஏரஸ்’ என்று குறிப்பிட்டிருந்தால், தந்தை உயிரோடு இருக்கும்வரை ‘இன்னாருடைய மகள்’ என்பதே சரி. அவர் இறந்து சொத்து மகளிடம் வந்துவிட்டால் ‘அவருடைய வாரிசும் மகளுமான’ என்றோ ‘ஒரே வாரிசான மகள்’ என்றோ எழுதுங்கள். ‘பெண் வாரிசு’ என்பதை, ஆண் பெண் வேறுபாடே செய்தியின் பொருளாக இருக்கும் இடத்துக்கு, அதாவது மேலே சொன்ன 1989, 2005 மாற்றங்களைப் போன்றவற்றுக்கு, வைத்துக்கொள்ளுங்கள். இரங்கல் விளம்பரங்களில் மகன்கள், மருமகள்கள், பேரன்கள் என்று முடித்துவிட்டு மகள்களைக் கடைசி வரியில் ‘மற்றும் குடும்பத்தினர்’ என்று சேர்க்கும் வாசகம் கைக்கு வந்தால், விளம்பரப் பகுதியில் இருப்பவர் ஒரு தொலைபேசி அழைப்பில் பெயர்களைக் கேட்டு வாங்கிவிடலாம். வயது வரிசையில் மகன் மகள் எல்லோரையும் அடுக்கினால் கூடுதலாக இரண்டு வரிதான் ஆகும்.

இப்படிக்கு,
சட்ட ஆவண மொழிபெயர்ப்பாளர்
தெம்பனிஸ்